எப்பப் பயணம்?

"அண்ணே, எப்பப் பயணம்?"

ஏகப்பன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. கேட்டது பக்கத்து அறை நாச்சியப்பன். ஒரே வீட்டில் நடு முற்றமான வளவைச் சுற்றி அறை அறையாக இருக்கும் பங்காளிகளில் ஒருவன். வாயில் பல்பொடியும் தோளில் துண்டுமாக நிற்கிறான். நேற்றும் கேட்டான், முந்தாநாளும் கேட்டான். பதில் சொல்லாவிட்டால் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று கிட்டே வந்து உரக்கக் கேட்பான். அந்தப் பயத்தில் ஏகப்பன் வாயைத் திறந்தார்.

"பயணமெல்லாம் இல்லை நாச்சியப்பா. வேலையை விட்டுட்டு வந்து ஏழு மாசம் ஆச்சு. ஒனக்கு எத்தனை தரம்தான் சொல்றது?"

"அதான் தெரியுமே அண்ணே. சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டானாம்! தெரிந்த விஷயத்தைச் சும்மா கேட்கிறதற்கு விடியற்காலையில் எழுந்து வர வேண்டுமா? ஏகப்பன் மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். கதாநாயகி கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். எதற்காக அங்கே வந்தாள் என்பது மறந்து போயிருந்தது. இரண்டு பக்கம் பின்னால் போய் மறுபடி படித்துக்கொண்டு வர வேண்டும்.

நாச்சியப்பனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. காரைக்குடியில் செட்டியார் வீட்டு ஆண்பிள்ளை என்றால் கடல் தாண்டிப் போகிறவன். மூன்று வருஷம் ஒரு தவணை. தவணை முடிந்தால் ஊருக்கு வந்து ஆறேழு மாதம் இருப்பான், பிறகு மறுபடி கப்பல். வந்த புதிதில் எல்லோரும் "எப்ப வந்தீக?" என்பார்கள். மூன்றாம் மாதம் பிறந்துவிட்டால் "எப்பப் பயணம்?" ஊருக்கு வந்த ஆண்பிள்ளையிடம் கேட்க இந்த ஊருக்கு மூன்றாவது கேள்வி ஒன்று தெரியாது. ஒருத்தன் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு வந்து வீட்டிலேயே உட்கார்ந்திருப்பான் என்பது அவர்கள் புத்தியில் ஏறவே ஏறாது. கோயிலில் கேட்டார்கள், கல்யாண வீட்டில் பந்தியில் கேட்டார்கள், சவரம் செய்கிறவர் கன்னத்தில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்டார். கத்தி கன்னத்தில் இருக்கும்போது மனுஷன் என்ன பதில் சொல்வது?

ஏகப்பனுக்கு ஐம்பத்தேழு வயது. அதில் முப்பத்தாறு வருஷம் மலாயாவில், ஈப்போவில், காரைக்குடிக்குப் பக்கத்து நெற்குப்பையைச் சேர்ந்த முதலாளி ஒருவரின் கடையில் போயிற்று. விடிந்ததும் கணக்குப் பெட்டியடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் எழுந்திருக்க முடியாது. கையெட்டுகிற இடத்தில் ஒரு நாவலை ஒளித்து வைத்திருப்பார். ஆள் வந்தால் மூடுவார், போனால் திறப்பார். ஒரு நாவலை முழுதாய் முடிக்க நாலு மாதம் ஆகும். வருஷத்தில் ஒரு நாள், தீபாவளிக்குக் கடையை மூடும்போது, பஸ் ஏறிப் போய் மிருகக்காட்சி சாலையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்பார். மற்றவர்கள் எல்லாம் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள். அவருக்குப் புலியைப் பார்க்க வேண்டும், நீர்நாயைப் பார்க்க வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிடிக்கும், அவ்வளவுதான்.

வேலையை விட்ட பிறகு என்ன செய்வது என்று அவர் யோசிக்கவே இல்லை. அது முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னாலேயே முடிவான விஷயம். நாள் முழுக்க நாவல் படிப்பது, ஆள் வந்தாலும் மூடாமல் படிப்பது. எங்கெங்கே மிருகங்கள் இருக்கின்றனவோ அங்கெல்லாம் போய்ப் பார்ப்பது. பக்கத்தில் தேனம்மை இருக்க வேண்டும். பாவம், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளோடு இருந்ததை எல்லாம் கூட்டினால் ஆறு வருஷம்கூட வராது.

அறுபத்தேழாம் வருஷம் தை மாதம் வந்து இறங்கினார். இப்போது ஆவணி. நினைத்ததில் ஒன்றாவது உருப்படியாக நடந்ததா என்று கேளுங்கள்.

செக்காலை ரோட்டில் மாடியில் ஒரு வாசகசாலை இருந்தது. நாவல்களுக்கு மட்டும் மூன்று அலமாரி. முதல் நாள் அதைப் பார்த்ததும் ஏகப்பனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எடுத்துக்கொண்டு வந்த முதல் புத்தகம் ஒரு கொலைக் கதை. பதினோராம் பக்கத்தில் ஓரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் பென்சிலால் எழுதி வைத்திருந்தான்: 'கொன்றது டாக்டர்தான். மனதைத் தேற்றிக்கொள்ளவும்.' ஏகப்பன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அரை மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து எடுத்தது நாலு பாகக் கதை. மூன்றாம் பாகத்தைக் காணோம். யாரோ சித்திரையில் எடுத்துக்கொண்டு போனவர் திருப்பித் தரவில்லையாம். "யார் எடுத்தது?" என்று கேட்டால், "அவுக இப்பப் பினாங்குல இருக்காக" என்று பதில் வந்தது. கப்பலேறும்போது புத்தகத்தையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். போகிற இடத்தில் முடித்துவிட்டு அடுத்த தவணைக்கு வரும்போது கொண்டுவருவார். அதுவரைக்கும் அந்தக் கதாநாயகன் ஜெயிலிலேயே கிடக்க வேண்டியதுதான்.

மிருகங்கள் விஷயம் அதைவிட மோசம். காரைக்குடியில் ஏது மிருகக்காட்சி சாலை? தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டுக்காரர் தம் தோட்டத்தில் கூண்டு கட்டி நாலு மானும், முள்ளம்பன்றியும், ஒரு கழுதைப்புலியும் வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டு, வியாழக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போக ஆரம்பித்தார். பதினாலு வியாழக்கிழமை போயிருப்பார். அந்தக் கழுதைப்புலி ஒரு நாள் முகம் காட்டியதா? கூண்டின் பின்பக்கம் இருட்டறையில் படுத்துக் கிடக்கும். வாலோ என்னமோ கொஞ்சம் தெரியும்.

"காலையில நல்லா உலாத்துச்சு செட்டியாரே," என்பான் காவல்காரன் சின்னக்கருப்பு. "ஒரு மணி நேரம் முந்தி வந்திருக்கணும்."

ஒரு மணி நேரம் முந்திப் போனால், "இப்பத்தான் தின்னுட்டு அங்குட்டுப் போயிப் படுத்துச்சு" என்பான். சாயங்காலம் வரை நின்றாலும் "இருட்டுனாத்தான் எந்திரிக்கும்" என்பான். பிறகு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சாவகாசமாய்க் கேட்பான்: "பயணம் எப்ப செட்டியாரே?"

கழுதைப்புலியாவது தொலையட்டும். வாசகசாலைக்காரன் தொலையட்டும். ஏகப்பனுக்கு உண்மையில் வயிற்றெரிச்சல் எல்லாம் வீட்டுக்குள்ளேதான் இருந்தது.

தேனம்மை அவரை விருந்தாளி மாதிரி நடத்தினாள். இதை வெளியே சொன்னால் யாரும் சிரிப்பார்கள். பெண்டாட்டி நன்றாய்க் கவனித்துக்கொள்கிறாள் என்று ஒருத்தன் குறைப்படுவானா? ஆனால் ஏழு மாதமாய் தினமும் காலையில் வெள்ளைப் பணியாரம், சாயங்காலம் கந்தரப்பம் என்றால் மனுஷன் வயிறு என்னத்துக்கு ஆகும்? அவர் சாப்பிடும்போது அவள் எதிரே நின்று விசிறினாள். சாய்வு நாற்காலியை அவர் ஒரு தரம் வடக்கே நகர்த்திப் போட்டார், வெளிச்சத்துக்காக. அதைப் பார்த்துவிட்டு, "அது கெடக்கட்டும், நீங்க இருக்கிறவரைக்கும் அங்ஙனயே கெடக்கட்டும்" என்றாள். நீங்க இருக்கிறவரைக்கும்! சாவியைக் கேட்டால், "உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தாறேன்" என்பாள். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விடமாட்டாள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் ஆசையோடு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, படித்துக்கொண்டிருந்த கதையைச் சொன்னார். இரண்டு சகோதரிகள், ஒரு வீடு, ஒரு பொய்க் கையெழுத்து. தேனம்மை வெற்றிலையை மடித்துக்கொண்டே நன்றாய்த்தான் கேட்டாள். "அந்தச் சின்னவ ரொம்பக் கெட்டிக்காரியா இருக்காளே" என்றுகூடச் சொன்னாள். அதற்குள் அடுப்படியில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. எழுந்தாள்.

"மிச்சத்தையும் கேட்டுட்டுப் போ."

"இருக்கட்டும். அடுத்த தரம் வரும்போது சொல்லுங்க."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரியாது. ஏகப்பன் அப்படியே உட்கார்ந்திருந்தார். இந்த வீட்டில் நான் லீவுக்கு வந்தவன்தான் என்று அன்றைக்கு அவருக்கு உறைத்தது. இவளுக்கு நான் போனால்தான் நிம்மதி என்று எண்ணம் ஓடியது. அந்த எண்ணத்தை விரட்டப் பார்த்தார், போகவில்லை.

கடைசி முயற்சியாக மெட்ராஸ். அங்கே மிருகக்காட்சி சாலையில் சிங்கம் இருக்கிறது, நீர்யானை இருக்கிறது, ஒட்டகச்சிவிங்கி இருக்கிறது. இரண்டு பேருமாய்ப் போவது, நம்மவர் விடுதியில் தங்குவது, மூன்று நாள் சுற்றுவது. மலாயா மிருகங்களைப் பற்றி அவர் கடிதத்தில் எழுதியதை எல்லாம் அவளும் கண்ணால் பார்க்கட்டும். ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து, அவளிடம் நீட்டினார். ஆடி முடிந்து ஆவணி முதல் வாரம்.

தேனம்மை டிக்கெட்டைத் தொடவில்லை. "நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

"நான் தனியா போறதுக்கா ரெண்டு டிக்கெட்டு?"

"மாடியில வத்தல் காயப் போட்டிருக்கேன். சுண்டக்கா, மாங்கா, கூழ்வத்தல் எல்லாம் கெடக்கு. மழை வந்துட்டா யாரு அள்ளுறது?"

"வத்தல் பெருசா, நான் பெருசா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு முறத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். ஏகப்பன் ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். திரும்பி வந்து சாப்பிடாமல் ஒரு காகிதத்தை எடுத்து, மேலே 'சிவமயம்' என்று போட்டு, நெற்குப்பை முதலாளிக்கு எழுத ஆரம்பித்தார்.

'எனக்கு உடம்பு திடமாக இருக்கிறது. ஊரில் சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை. தாங்கள் விரும்பினால் ஈப்போ கடைக்கு இன்னும் ஒரு தவணை போய்வரச் சித்தமாயிருக்கிறேன்.'

எழுதிய கையோடு செக்காலைக்கு நடந்துபோய்த் தபால் பெட்டியில் போட்டார். கவர் உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். ரோட்டில் போன ஒருத்தர், "என்ன செட்டியாரே, பயணம் எழுதிப் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். ஏகப்பனுக்கு அவர் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாமா என்றிருந்தது.

அடுத்த பதினோரு நாளும் நரகம். வா என்று பதில் வந்தால் போக வேண்டும், எழுதிக் கேட்டுவிட்டு மாட்டேன் என்று சொல்ல முடியாது. போனால் மறுபடி பெட்டியடி, மறுபடி ஒளித்து வைத்த நாவல். போய்த் திரும்பும்போது அறுபது வயசு. திரும்புவோம் என்றுதான் என்ன நிச்சயம்? ஐயோ, இதை நானேயா தேடிக்கொண்டேன் என்று அடித்துக்கொண்டது மனசு. இன்னொரு பக்கம், அவளாக வந்து ஒரு வார்த்தை, 'இனிமே இங்கேயே இருங்க' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், முதலாளி காலில் விழுந்தாவது கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்றும் தோன்றியது. தேனம்மை அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பணியாரத்துக்குச் சட்னி போதுமா என்றுதான் கேட்டாள். புத்தகத்தில் ஒரே பக்கத்தை மூன்று நாள் படித்தார். தேவகோட்டைக்குப் போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலைத் தபாலில் பதில் வந்தது. தபால்காரரிடம் வாங்கிக்கொண்டு முகப்புத் தூணோரமாய் நின்று பிரித்தார்.

'தங்கள் கடிதம் கிடைத்தது. கடையை என் தம்பி நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறான். இனிமேல் வயதானவர்களை அனுப்புவதாக இல்லை. தாங்கள் ஊரிலேயே ஓய்வாக இருக்கவும். ஆச்சியிடம் விசாரித்ததாகச் சொல்லவும்.'

நாலே வரி. முப்பத்தாறு வருஷம் ஒரு நாள் கடை திறக்கப் பிந்தாத மனுஷனுக்கு நாலு வரி! போக வேண்டாம் என்று பதினோரு நாளாய் வேண்டிக்கொண்டவர்தான். வேண்டாம் என்று எழுதி வந்ததும் சந்தோஷப்பட வேண்டியதுதானே? முகம் ஜிவ்வென்று சூடாகிவிட்டது. கிழவன் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே வேண்டாம் என்றுவிட்டார்கள், இங்கேயும் ஆள் தேவையில்லை. கடிதத்தை நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

வளவில் ஒரு மூலையில் கரி அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் சபியுல்லா உட்கார்ந்திருந்தார். கடைவீதியில் டின்னுக்கு ஈயப்பற்று வைக்கிறவர். அவரைச் சுற்றி எட்டுச் சதுர டின். ஒன்றில் சுண்டைவற்றல், ஒன்றில் மாங்காய் வற்றல், ஒன்றில் பருப்புப் பொடி, ஒன்றில் சீப்புச் சீடை. தேனம்மை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு டின்னிலும் மேலே வாழைச் சருகு வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

ஏகப்பனுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. பத்துத் தரம் பார்த்திருக்கிறார். கப்பலில் உப்புக் காற்று படாமல் இருக்க, பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் பண்டத்தை எல்லாம் டின்னில் போட்டுக் காற்றுப் புகாமல் ஈயம் வைத்து அடைப்பார்கள். பயண டின் என்று அதற்குப் பேர்.

"வாங்க செட்டியாரே," என்றார் சபியுல்லா. "இந்தத் தரம் கொஞ்சம் முந்தியே சொல்லிவிட்டுட்டாக ஆச்சி. எப்பப் பயணம்?"

அவ்வளவுதான். ஏழு மாதமாய் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது.

"யாருக்குய்யா பயணம்? யாருக்கு? நான் போறேன்னு யாரு சொன்னது? ஏ தேனம்மை! என்னடி இதெல்லாம்? என்னை எப்பக் கப்பலேத்தலாம்னு நாள் பாத்துக்கிட்டு இருக்கியா?"

வளவைச் சுற்றியிருந்த அறைகளில் சத்தம் நின்றது. நாச்சியப்பன் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டான். சபியுல்லா இரும்பை அடுப்பிலிருந்து எடுக்கலாமா வைக்கலாமா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

தேனம்மை கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எதுக்குக் கத்துறீக? டின்னு அடைக்கத்தானே சொன்னேன்."

"நான்தான் போகலையே! வந்த அன்னைக்கே சொன்னேனா இல்லையா? வேலையை விட்டுட்டேன், இனிமே இங்கதான்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீக."

"அப்புறம்?"

"முன்னாடியும் சொன்னீக."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவரை நிறுத்தியது.

"ஜப்பான்காரன் சண்டை முடிஞ்சு நாப்பத்தாறுல வந்தீகள்ல? நாலு வருஷமா ஒரு கடுதாசி இல்லாம, நீங்க இருக்கீகளா இல்லையான்னு தெரியாம, தாலியைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன். வந்து நின்னு, இனிமே கடல் தாண்ட மாட்டேன்னு சாமி முன்னாடி சொன்னீக. நான் நம்புனேன். வீட்டுல இருந்த டின்னையெல்லாம் தூக்கி ஆளுக்கு ஒண்ணாக் குடுத்துட்டேன். வத்தல் போடலை. பொடி இடிக்கலை. அஞ்சாம் மாசம் நெற்குப்பையில இருந்து ஆளு வந்துச்சு. பத்தே நாள்ல கப்பல்னு வந்து நின்னீக. கையில ஒரு வத்தல் இல்லாம அனுப்பினேன் உங்கள. மூணு வருஷமும் சோத்துல கை வைக்கிறப்பல்லாம் அந்த நெனப்புத்தான் எனக்கு. மக கல்யாணம் முடிச்சுட்டு, இனிமே இங்கதான்னீக. அறுபத்தி மூணுல வந்தப்ப இதுதான் கடைசின்னீக. இப்ப இது நாலாம் தரம். ஏழு மாசம் ஆயிருச்சு. பத்து நாளா நீங்க சோறு சரியாத் திங்கலை, புஸ்தகத்துல ஏடு திருப்பலை. எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தரமும் போறதுக்கு முன்னாடி இப்படித்தான் இருப்பீக."

ஏகப்பன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு டின்களைப் பார்த்தார்.

"மெட்ராஸுக்கு வரலைன்னு கோவிச்சுக்கிட்டீக," என்றாள் தேனம்மை. இப்போது அவள் கண் கலங்கியிருந்தது. "எனக்கு ஆசை இல்லைன்னா நெனைக்கிறீக? உங்களோட போயி, ரயில்ல பக்கத்துல உக்காந்து, சிங்கத்தப் பாத்து, சிரிச்சுப் பேசிட்டு வந்து, அப்புறம் நீங்க கப்பலேறிட்டா அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இத்தனை வருஷம் ஒத்தையில இருக்கப் படிச்சுக்கிட்டேன். மறந்துட்டா திரும்பப் படிக்க எனக்கு வயசு இல்லை."

சபியுல்லா மெதுவாய் எழுந்தார். "ஆச்சி, நான் போயிட்டு அப்புறமா வரவா?"

"இருங்க பாய். அடைங்க. இவுக வார்த்தையை நம்பி இன்னொரு தரம் வெறுங்கையா அனுப்ப மாட்டேன்."

சபியுல்லா ஏகப்பனைப் பார்த்தார். ஏகப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைப் பையில் கடிதம் மார்பை உறுத்தியது. இப்போது ஒரு பொய் சொன்னால் போதும். 'முதலாளி கூப்பிட்டு எழுதினார், உனக்காக மாட்டேன்னு சொல்லிட்டேன்' என்று சொன்னால் போதும். ஊர் வாயும் அடைபடும், மானமும் மிஞ்சும், அவளுக்கும் சந்தோஷம். வாய் வரைக்கும் வந்துவிட்டது அந்தப் பொய். ஆனால் சாமி முன்னால் சொன்னதையே காப்பாற்றாத வாய் அது. அவள் முகத்தைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயதில் இவ்வளவு நரை இருக்கும் என்று அவர் இத்தனை நாள் கவனித்ததே இல்லை. தமக்கே அருவருப்பாக இருந்தது.

கடிதத்தை எடுத்து நீட்டினார்.

தேனம்மை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, உதட்டை அசைத்து எழுத்து எழுத்தாய்ப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தாள். அந்த நேரம் ஏகப்பனுக்கு ஒரு தவணை நீளத்துக்கு இருந்தது.

"தங்கள் கடிதம் கிடைத்ததுன்னு போட்டிருக்காக," என்றாள். "நீங்க எழுதிக் கேட்டீகளா?"

"கேட்டேன்."

"போறேன்னு கேட்டீகளா?"

"ஆமா. மெட்ராஸ் டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்த அன்னைக்கு. உனக்கு நான் பாரமா இருக்கேன்னு நெனச்சுட்டேன். கோவத்துல எழுதிப் போட்டுட்டேன்."

தேனம்மையின் முகம் ஒரு கணம் செத்துப் போயிற்று. ஏகப்பன் அதைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

"வேணாம்னு சொன்னது நீங்களா, அவுகளா?"

"அவுகதான். கிழவனாயிட்டேனாம்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னை வேணாம்னுட்டாக தேனம்மை. இனிமே நான் கேட்டாலும் கூப்பிட மாட்டாக. வேற எந்தக் கடையிலயும் இந்த வயசுக்கு எடுக்க மாட்டாக."

தேனம்மை அப்படியே தரையில், டின்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். கடிதத்தை மடியில் வைத்துக் கையால் நீவி நீவி விட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிக்கொண்டு ஏகப்பன் கிட்டே போனார். அவள் அழுதுகொண்டும் இருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். கிட்டே வந்தவருடைய வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் பார்க்க அவள் அவரைத் தொட்டதே இல்லை.

"நீங்களா வேணாம்னு சொல்லிட்டேன்னு வந்து நின்னிருந்தீகன்னா, சரின்னிருப்பேன், உள்ளுக்குள்ள நம்பியிருக்க மாட்டேன்," என்றாள். "அவுகளே வேணாம்னுட்டாகள்ல? இப்ப நம்புறேங்க. இப்பத்தான் நம்புறேன்."